பதினேழு வயதில் கல்லூரிக்குப் போன பையனுக்கு

(நமது பங்கின் பொன்விழாவை முன்னிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவ மாணவியருக்காக நடைபெற்ற கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "பிள்ளைகளுக்கு நாலு புத்தி சொல்லுங்க சாமி" என்று கேட்டுக்கொண்டார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். இப்போது இந்த முன்வரிசையைப் பார்த்தால், புத்தி கேட்க வந்த முகமாக ஒன்றும் தெரியவில்லை. அம்மா அனுப்பியதால் வந்த முகங்களாகத்தான் தெரிகின்றன. அதில் எனக்கு வருத்தமில்லை. உங்கள் வயதில் நானும் அப்படியே. ஆகவே உங்களுக்குப் புத்தி சொல்லும் வேலையை விட்டுவிட்டு, என் பேச்சைக் கேட்டே தீர வேண்டிய ஒரு பையனிடம் பேசப் போகிறேன். அவன் பெயரும் என் பெயரும் ஒன்றுதான். நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

1987-ஆம் ஆண்டு ஜூன் மாதம். சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சிற்றூர். தகப்பனார் பனையேறி. தாயார் விடிலியில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி போடுகிறவர். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் புறப்படுகிற பிள்ளை அவன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் கிடைத்திருந்தது. கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ஒரு பிளாஸ்டிக் வாளி, ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி. பஸ் ஏறுமுன் ஊரே வந்து வழியனுப்பிற்று. அத்தனை பேரையும் பார்த்து அவன் மனத்துக்குள் முடிவு செய்துகொண்டான்: இவர்கள் யாருக்கும் நான் தோற்றவனாகத் தெரியக்கூடாது.

தம்பி, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கீழே வை. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

பிளஸ் டூ வரை நீ தமிழில் படித்தவன். முடுக்கம் தெரியும், திசைவேகம் தெரியும், பரப்பு இழுவிசை தெரியும். இயற்பியலில் வகுப்பில் முதல் மாணவன். முதல் நாள் பேராசிரியர் வந்து 'ஆக்ஸிலரேஷன்' என்றார். உனக்குத் தெரிந்த ஆக்ஸிலரேட்டர், உபதேசியாரின் மகன் வைத்திருந்த மோட்டார் சைக்கிளில் கைப்பிடியைத் திருகுவது ஒன்றுதான். அதற்கும் இயற்பியலுக்கும் என்ன உறவு என்று விழித்துக்கொண்டு இருந்தாய். பத்து நிமிடத்தில் கரும்பலகை நிறைந்துவிட்டது. உனக்குத் தெரிந்த விஷயத்தைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதுகூட உனக்குத் தெரியவில்லை.

இங்கே பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் அறுபத்தைந்தைக் கடந்த சிலர் பியூசி படித்தவர்கள். அந்த ஓராண்டு கல்லூரியிலேயே கழியும். பட்டப்படிப்பு தொடங்குமுன் ஆங்கிலமும் கல்லூரியின் போக்கும் ஓரளவு பழகிவிடும். 1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. பள்ளியிலேயே ஓராண்டு கூடுதலாக இருக்க முடிந்தது. கிராமத்துப் பிள்ளைக்கு அது பெரிய வசதி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்குப் போகிறவன் கால் நனைத்துப் பார்க்க இருந்த அந்த ஓராண்டுப் படித்துறை போய்விட்டது. நேரே ஆழத்தில் இறங்க வேண்டியதாயிற்று. இதையும் அவனிடம் யாரும் சொல்லவில்லை. தான் மட்டும் மக்கு என்றே அவன் நினைத்துக்கொண்டான்.

விடுதியில் அவனோடு ஒரே அறையில் இருந்தவன் தென்காசிப் பக்கத்துக் கிராமத்துப் பையன். அதே வகுப்பு. அவன் தாயார் பீடி சுற்றிப் படிக்க வைத்தார். இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "வெளங்குதால?" என்பான் அவன். "வெளங்குது" என்பான் இவன். "ஒனக்கு?" "வெளங்குது." விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பார்கள்.

செப்டம்பரில் தகப்பனார் பார்க்க வந்தார். பனையேற்றுக் காலம் அநேகமாக முடிந்திருந்தது. வேட்டி மடிப்புக் கலையாமல், மிதியடி இல்லாமல், விடுதி வாசல் வேப்பமரத்தடியில் நின்றார். கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எய்யா, பாடமெல்லாம் வெளங்குதா?"

"வெளங்குதுய்யா."

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? நாளொன்றுக்கு இரண்டு வேளை பனை ஏறி இறங்குகிற மனிதரிடம், விளங்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? அவர் முகம் மலர்ந்தது. இருபது ரூபாய் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

பெற்றோரே, நீங்களும் பிள்ளைகளிடம் தொலைபேசியில் இதே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். பாடம் புரிகிறதா, சாப்பாடு நன்றாக இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு ஒரே பதில்தான் உண்டு. கேள்வியைக் கேட்கும்போதே நாமே பதிலையும் பிள்ளையின் வாயில் வைத்துவிடுகிறோம். "இந்த வாரம் எது புரியவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். விளங்காதது ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்யும், அதைச் சொல்லலாம், வீட்டில் யாரும் உடைந்து விழ மாட்டார்கள் என்று பிள்ளைக்குத் தெரியட்டும். என் தகப்பனாரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே கேள்வியை அவர் கேட்டார்.

அந்த விடுதியில் சாப்பாட்டுக்கு டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போடுவார்கள். மாதக் கடைசிவரை எவ்வளவு வரும் என்று தெரியாது. அறைத்தோழனுக்கு மூன்று மாதப் பாக்கி ஏறிவிட்டது. அறிவிப்புப் பலகையில் அவன் பெயர் ஒட்டப்பட்டது. அரசாங்க உதவித்தொகைக்கான படிவம் எல்லாருக்கும் கொடுத்திருந்தார்கள். முழுக்க ஆங்கிலம். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் இரண்டும் தாலுகா ஆபீசில் வாங்கி இணைக்க வேண்டும். என்னுடையதை எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் தாமே பூர்த்தி செய்து, தாமே கையெழுத்துக்கு அலைந்து அனுப்பி வைத்தார். அவனுக்கு அப்படி ஒருவர் இல்லை. அவன் பெட்டியில் அந்தப் படிவம் எழுதப்படாமலே மடித்துக் கிடந்ததை நான் பார்த்தேன். கடைசித் தேதி போயிருந்தது. ஏன் எழுதவில்லை என்று கேட்கவில்லை.

நவம்பரில் ஒருநாள் சாயங்காலம், "ஊருக்குப் போய்ட்டு வாரேன்" என்று அவன் புறப்பட்டான். பெட்டியை எடுத்தான், பாயைச் சுருட்டினான். வாளியையும் எடுத்துக்கொண்டான்.

சனி ஞாயிறுக்கு ஊருக்குப் போகிற எவனும் வாளியை எடுத்துக்கொண்டு போகமாட்டான். எனக்கு அது அந்த நொடியிலேயே தெரிந்தது. "என்னலே, வாளிய எதுக்கு எடுக்க?" என்று ஒரு கேள்வி. நாலே நாலு சொல். கேட்டால் அவன் தன் கதையைச் சொல்வான். பிறகு நான் என் கதையைச் சொல்ல வேண்டி வரும். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பது வெளியே வந்துவிடும். அதனால் "சரி, போய்ட்டு வா" என்றேன். அவன் திரும்பி வரவில்லை.

தம்பி, உன் பதினேழு வயதிலிருந்து ஒரே ஒரு நிமிடத்தை மாற்றலாம் என்றால், நான் தேர்வுத் தாளைத் தொடமாட்டேன். அந்த வாளி நிமிடத்தைத்தான் எடுத்துக்கொள்வேன்.

டிசம்பர்த் தேர்வில் அவன் இரண்டு பாடங்களில் தோற்றான். நான்தான், அவன் என்கிறேன். விடுமுறை விட்டார்கள். எல்லாரும் ஊருக்குப் போனார்கள். இவனோ, "சிறப்பு வகுப்பு இருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான் வருவேன்" என்று 15 காசு கார்டில் எழுதிப் போட்டான். ஒரு வகுப்பும் இல்லை. வீட்டாரின் முகத்தை எத்தனை நாள் தள்ளிப்போட முடியுமோ அத்தனை நாள் தள்ளிப்போட்டான். 24-ஆம் தேதி காலையில் பெட்டியோடு பஸ் நிலையம் போனால், அங்கே பஸ் இல்லை. அன்று விடியற்காலம் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். காலமாகிவிட்டார். கடைகள் அடைப்பு, சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன. அந்தக் கிறிஸ்துமஸ் இரவில் பாளையங்கோட்டைப் பேராலயத்துக்கு நடந்து போய்ப் பூசை கண்டுவிட்டு, விடுதிக் காவல்காரர் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டேன். ஊரில் என் தாயார் அன்று இரவு முழுவதும் வாசலிலேயே இருந்தார் என்று பிறகு என் தங்கை சொன்னாள்.

கேள்வி கேட்பது தாழ்வு என்று யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? பன்னிரண்டு வயதில் இயேசு ஆலயத்தில் அறிஞர்களிடையே அமர்ந்து கேள்வி கேட்டதை மறைக்கல்வி வகுப்பில் மூச்சு விடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். பரிசு ஒரு சோப்பு டப்பா. அதைத்தான் விடுதிக்கும் கொண்டு போயிருந்தேன்!

ஜனவரியில்தான் விடிந்தது. அதுவும் பேராசிரியரால் அல்ல. செய்முறை வகுப்பில், நீளமான கண்ணாடி ஜாடி நிறைய விளக்கெண்ணெய் வைத்திருந்தார்கள். சைக்கிள் பால்ரஸ் போன்ற சிறு குண்டுகளை அதில் போட்டு, ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று நிறுத்துக் கடிகாரத்தால் குறிக்க வேண்டும். எண்ணெய்க்குள் போன குண்டு கொஞ்ச தூரத்திலேயே ஒரே சீரான வேகத்துக்கு வந்துவிடும். அந்த வேகத்தைக் கொண்டு விஸ்காஸிட்டியைக் கணக்கிட வேண்டும். ஏழு மாதமாக அந்த விஸ்காஸிட்டி எனக்கு வெறும் சத்தம். ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். குண்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஆய்வுக்கூட அட்டெண்டர், எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர், மெல்லச் சொன்னார்:

"என்ன தம்பி முழிக்க? பாகு எம்புட்டுக் கெட்டின்னு பாக்கதுதான இது!"

பாகு! எங்கள் விடிலியில் என் தாயார் தினமும் செய்ததுதானே அது? பதநீர் கொதித்துப் பொங்கும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு அடக்குவார். பிறகு துடுப்பால் கிண்டிக்கொண்டே இருந்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்பார். பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுவார். பிளஸ் டூ புத்தகத்தில் அதற்குப் பெயர் பாகியல். பாகியலில் எனக்கு ஒரு கேள்விகூடத் தவறியதில்லை.

"அண்ணே, விஸ்காஸிட்டின்னா பாகியலா?"

கல்லூரியில் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவரிடம் கேட்க எனக்கு வெட்கமாயில்லை. "அந்தப் பேரெல்லாம் எனக்குத் தெரியாது. சார்ட்ட கேளு, கடிச்சிற மாட்டாரு" என்றார். கேட்டேன். பேராசிரியர் கடிக்கவில்லை. ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு நூலகத்துக்கு அழைத்துப் போய்க் கடைசி அலமாரியைத் திறந்து காட்டினார். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் படிப்புக்காகத் தமிழில் வெளியிட்ட நூல்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும் கலைச்சொற்கள், ஆங்கிலமும் தமிழும் எதிரெதிரே. தூசி தட்டி எடுத்தேன். நான் எடுத்த புத்தகத்தில் தேதி முத்திரை ஒன்றே ஒன்று விழுந்திருந்தது. ஏழு மாதமாக என் வகுப்பிலிருந்து நாற்பது அடி தூரத்தில் அவை இருந்திருக்கின்றன.

அன்றிரவு ஒரு நீள நோட்டில் மூன்று கட்டம் போட்டேன். ஒன்றில் ஆங்கிலச் சொல், ஒன்றில் தமிழ்ச் சொல், மூன்றாவதில் ஊரில் அதை எங்கே பார்த்திருக்கிறேன் என்பது. அந்த மூன்றாவது கட்டம்தான் என்னைக் காப்பாற்றியது. லிஃப்கோ அகராதி ஒன்றையும் பழைய விலைக்கு வாங்கினேன். தோற்ற பாடங்களை அடுத்த முறை எழுதித் தேறினேன். பட்டம் கிடைத்தது, இரண்டாம் வகுப்பில்தான். பிறகு குருமடத்துக்குப் போனபோது மெய்யியல் மறுபடி ஆங்கிலத்தில் வந்தது. அங்கே நான் கேட்ட கேள்விகளைத் தாங்காமல் ஒரு பேராசிரியர், "நாளைக்குக் கேள், தம்பி" என்று கும்பிட்டதும் உண்டு.

இன்றைய பிள்ளைகளுக்குக் கதவுகள் அதிகம் திறந்திருக்கின்றன. 2021-22 ஆம் ஆண்டு மத்திய அரசின் கணக்கெடுப்பில் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47. நாடு முழுவதற்கும் 28.4 தான். வீட்டின் முதல் பட்டதாரிக்குப் பொறியியல் படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இலும் தொடங்கின. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் பின்னர்ச் சேர்க்கப்பட்டார்கள். ராகிங் கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997-இலேயே சட்டம் வந்துவிட்டது. எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் உண்டு, ஒரு கடைசித் தேதி உண்டு. படிவம் காகிதத்திலிருந்து கணினித் திரைக்கு மாறியிருக்கிறது. அதன் முன்னால் விழித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை மாறவில்லை. வகுப்பிலும் அப்படியே. கைப்பேசியில் எந்தச் சொல்லுக்கும் பொருள் பார்த்துவிடலாம். ஆனால் "எனக்கு விளங்கவில்லை" என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்ல எந்தக் கைப்பேசியும் உதவாது.

இனி, அந்த அறைத்தோழன். 2018-இல் நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம். கோயம்புத்தூரில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னான். நன்றாகவே இருக்கிறான், நாலு பேருக்கு வேலை கொடுக்கிறான். அவன் வாழ்க்கை வீணாய்ப் போயிற்று என்று நான் கதை கட்ட மாட்டேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து வாளியைப் பற்றிக் கேட்டேன். அவனுக்கு அது நினைவே இல்லை. "வாளியா? என்ன வாளி?" என்றான். முப்பத்தொரு வருடம் நான் மட்டும் அதைச் சுமந்திருக்கிறேன் போலும்.

பிறகு அவனாகவே சொன்னான்: "மெஸ் பாக்கியை எப்படியும் எங்கம்மா கட்டியிருப்பா சாமி. அதுக்காகப் போவல. ஒங்களுக்கெல்லாம் வெளங்குது, எனக்கு மட்டும் ஒண்ணும் வெளங்கல. நமக்கு மண்டையில ஒண்ணுமில்லன்னு நெனச்சித்தான் போனேன்."

நான் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"எனக்கும் ஒண்ணும் வெளங்கலலே" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். சாமி என்பதும் மறந்துவிட்டது அவனுக்கு. "அப்பமே சொல்லியிருக்கலாம்லாலே" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, பாயசம் வந்தபோது, தன் மகளின் கல்லூரி உதவித்தொகைப் படிவத்தைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டி, "இதுல மூணாவது பக்கம் எனக்குப் புரியல, படிச்சுச் சொல்லுங்க" என்றான். வெட்கமில்லாமல் கேட்டான். இலையை மூடிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து இருவரும் உட்கார்ந்து படித்தோம்.

தம்பி தங்கையரே, கல்லூரிச் சேர்க்கை முடியும் வரை சனிக்கிழமை தோறும் மாலை 5 மணிக்குப் பங்கு இல்லத் திண்ணையில் நான் இருப்பேன். நம் பங்கிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் வர இசைந்திருக்கிறார். படிவம், சான்றிதழ், விளங்காத கடிதம், எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். சேர்ந்த பிறகு விடுமுறைக்கு வரும்போது முதல் மாதத்துப் பாட நோட்டையும் கொண்டு வாருங்கள். இயற்பியல் என்றால் மட்டும் என்னிடம் வாருங்கள், மற்றதற்கெல்லாம் ஆசிரியையிடம் போங்கள்.